வரவில்லை, ஆகவே தரவில்லை என்பது நியாயமா?



ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், மஸ்ஜித் தானா என மலாக்கா மாநிலத்து ஊர்களில் நம்மவர் சிலர் சிறு கட்டடக் குத்தகைத் தொழில் செய்து வருகின்றனர். தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த குடும்பத்தாரும், வங்காள தேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் அவர்களிடம் கொத்தனாராகவும் சித்தாளாகவும் பாடுபடுகின்றனர். சம்பள நாளில் இவர்கள் காதில் சில வேளை விழும் சொல் ஒன்றுண்டு: "வீட்டுக்காரர் இன்னும் பணம் தரவில்லை, வந்ததும் தருகிறேன்." இச்சொல் அறத்துக்குப் பொருந்துமா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட வினா.

முதலில் குத்தகையாளர் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். அவர் திருடர் அல்லர். சிமெந்தும் கம்பியும் கடனுக்கு வாங்கியிருக்கிறார். வேலை முடிந்தும் பணம் வரவில்லை. கையில் இல்லாததை எங்ஙனம் கொடுப்பது? சக்திக்கு மீறி எவரையும் இறைவன் சிரமப்படுத்துவதில்லையே என்று அவர் கேட்கலாம். கேள்வியில் உண்மையிருக்கிறது, ஆயினும் முழு உண்மை இல்லை.

ஏனெனில், கொத்தனார் பேசிக்கொண்டது குத்தகையாளரிடமேயன்றி வீட்டுக்காரரிடம் அன்று. வேலையில் இலாபம் மிகுந்தால் கொத்தனாருக்கு அதில் பங்கில்லை. பேசிய கூலி மட்டுமே உண்டு. இலாபம் எவருக்கோ, பொறுப்பும் அவருக்கே என்பது நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் ஒப்பிய நெறியாகும். வரவைத் தமக்கென வைத்துக்கொண்டு, வராத கஷ்டத்தை மட்டும் சித்தாளோடு பங்கிடுவது எந்த நியாயம்? கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் என்றும் எச்சரித்தார்கள்.

இடையில் நிற்பவரின் அதிகாரம் எத்தகையது என்பதை நம் முன்னோர் நன்கறிவர். தோட்டத்துக் கங்காணி ஆள் சேர்த்தார்; வேலைக்கு வந்தவர் எண்ணிக்கைப்படி தலைக்காசு பெற்றார். தொழிலாளரை நாட்டுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938ஆம் ஆண்டில் தடுத்தபின் அம்முறையிலான ஆள் சேர்ப்பு ஓய்ந்தது. ஆனால் உழைப்பவனுக்கும் பணம் தருபவனுக்கும் நடுவே ஒருவர் நிற்கும் நிலை ஓயவில்லை. இன்று அவ்விடத்தில் நிற்பவர் நம் சகோதரராகவும் இருக்கலாம்.

நிற்க. பிழை சம்பள நாளில் பிறப்பதன்று. வேலை கை நழுவிவிடக் கூடாதென்று அடக்க விலைக்கும் குறைத்து ஒப்புக்கொண்ட அன்றே அது பிறந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு வாங்கிய முன்பணத்தை மற்றொரு வீட்டுச் செங்கல்லுக்குச் செலவிட்ட அன்று அது வளர்ந்தது. இரண்டு வேலைக்கே ஆளிருக்க ஐந்தை ஏற்றுக்கொண்டபோது முற்றிப்போயிற்று. ஆகவே, தொழிலை ஒழுங்காக நடத்துவது வெறும் சாமர்த்தியமன்று. அஃது ஓர் அமானிதம்.

அதற்கு வழி யாது? பேச்சை எழுத்தில் வைக்க வேண்டும். தவணைக் கடனைச் சாட்சியோடு எழுதிக்கொள்ளும்படி பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் என்பதை எண்ணிப் பாருங்கள். அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சு என்று கட்டங்கட்டமாகப் பணம் பெறப் பேசிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்குமான கூலியை முன்கூட்டியே தனியே எடுத்து வைக்க வேண்டும். அப்பணத்தைத் தமது என்று எண்ணலாகாது.

நாட்டுச் சட்டமும் வாளா இருக்கவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சம்பளக் காலம் முடிந்து 7ஆம் நாளுக்குள் கூலி கொடுக்கச் சொல்கிறது. 2012இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பிலுள்ள கட்டுமானப் பணக் கொடுப்புச் சட்டம், எழுதிய ஒப்பந்தமுள்ள குத்தகையாளருக்குத் துணை நிற்கிறது. "மேலிருந்து வந்தால்தான் தருவேன்" என்னும் நிபந்தனை அச்சட்டத்தில் செல்லாது. ஆனால் ஒருவர் தாம் குடியிருக்கக் கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டை அச்சட்டம் தொடுவதில்லை. நம் சிறு குத்தகையாளர் செய்வது பெரும்பாலும் அவ்வேலைதானே? சட்டம் நின்றுவிடும் அவ்விடத்தில் அல்லாஹ்வின் அச்சம் ஒன்றே காவல்.

இவ்விடத்தில் வீட்டுக்காரராகிய நாமும் தப்பிக்க முடியாது. பூச்சில் ஒரு கீறலைக் காட்டி முழுத் தொகையையும் நிறுத்தி வைப்போர் நம்மிடையே இல்லையா? பள்ளிவாசல் நிர்வாகத்தாரும் சங்கத்தாருமாகிய நாம், "நன்கொடை வரட்டும்" என்று நாள் கடத்துவதில்லையா? "பள்ளிக்குத்தானே, தருமமாக நினைத்துக் கொள்ளுங்கள்" என்று குத்தகையாளரிடம் சொல்வதும் உண்டு. பிறர் கூலியில் நாம் தருமம் செய்ய இயலாது. மலாக்காவின் கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748இல் மரத்தால் எழுந்து, 1872இல் செங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. அதைக் கட்டிய கைகளின் பெயரை நாம் அறியோம். அவர்கள் கூலி பெற்றனரா என்பதை இறைவன் அறிவான். நாம் எழுப்பும் சுவருக்கும் அக்கணக்கு உண்டு.

இவ்வளவு கவனித்தும் பணமில்லாமற் போனால்? கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி மார்க்கம் கூறுகிறது. ஆனால் அவகாசம் கொடுப்பவர் கடன் கொடுத்தவர். இங்கே கடன் கொடுத்தவர் கொத்தனார். தம் உழைப்பை முன்னதாகக் கொடுத்துவிட்டவர் அவர். எனவே அவகாசத்தை அவரிடம் கேட்டுப் பெறவேண்டுமேயொழிய நாமாக எடுத்துக்கொள்ளலாகாது. சம்பள நாளுக்கு முன்பே நேரில் சென்று உண்மையைச் சொல்லி, இருப்பதில் அவருக்கு முதலில் கொடுத்து, மீதிக்கு நாள் குறித்துக் கேட்கலாம். தொலைபேசியை எடுக்காமல் ஒளிவது மட்டும் கூடாது.

வரவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆகவே தரவில்லை என்பது அதிலிருந்து பிறக்கும் முடிவன்று. பிறர் உழைப்பின் ஹக்கு நம் கையில் தங்காதபடி எல்லாம் வல்ல அல்லாஹ் நம்மைக் காத்தருள்வானாக! ஆமீன்.