திரும்பிப் போன விமானி

ஒருமுறை நான் ஏறியிருந்த விமானம், இறங்க வேண்டிய ஊருக்கு மேலே வந்து, தெரு விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தாழ்ந்து, பிறகு சட்டென்று மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டது. இடியும் மழையும் காரணம் என்று அறிவித்தார்கள். நாற்பது நிமிஷம் வட்டமடித்த பிறகே இறங்கினோம். சற்று முன்பு வேறொரு விமானம் இறங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்த பக்கத்து ஆசனக்காரர், "அவன் இறங்கிவிட்டானே, ஸார்! நம்ம ஆள் கத்துக்குட்டி போலிருக்கிறது" என்றார். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு பின்னால் என்னை உறுத்தியது. உறுத்தச் செய்தது, 1975-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த ஒரு விபத்தின் கதை.

அன்று பிற்பகல் கென்னடி விமான நிலையத்தின் அருகே இடிமேகம் திரண்டிருந்தது. விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஓடுபாதையில் இறங்கிக்கொண்டிருந்தன. சரக்கு விமானம் ஒன்றின் விமானி, தட்டுத் தடுமாறி இறங்கியவர், தரைக்குச் சற்று மேலே காற்று படுமோசமாக மாறுகிறது, ஓடுபாதையை மாற்றுங்கள் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னார். கோபுரத்திலிருந்தவரின் கருவியோ, காற்று ஓடுபாதைக்கு நேராகவே வீசுவதாகக் காட்டியது. கருவி பொய் சொல்லவில்லை. அது நின்ற இடத்தில் காற்று அப்படித்தான் இருந்தது. அடுத்து வந்தது ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 902-ஆம் விமானம். அதன் விமானி இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே ஏறினார். தாம் பட்ட பாட்டையும் தெரிவித்தார். அதற்குப் பிறகும் இரண்டு விமானங்கள் இறங்கிவிட்டன. மூன்றாவதாக வந்தது அதே நிறுவனத்தின் 66-ஆம் விமானம். 902 சொன்னதை அதன் விமானிகள் ரேடியோவில் கேட்டிருந்தார்கள். கேட்டும் தொடர்ந்தார்கள். ஓடுபாதையை எட்டுவதற்கு முன்பே, வழிகாட்டும் விளக்குக் கம்பங்களில் மோதி விமானம் நொறுங்கியது. அதிலிருந்த 124 பேரில் 110 பேருக்கு மேல் மாண்டார்கள். 902 திரும்பியதற்கும் இதற்கும் இடையே பத்து நிமிஷங்கள்கூட இல்லை.

என்ன நடந்தது என்று கண்டு சொன்னவர் சிகாகோ பல்கலைக் கழகத்தின் புஜிடா என்ற ஜப்பானிய விஞ்ஞானி. 1945-இல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவையும் நாகஸாகியையும் நேரில் ஆராய்ந்தவர் அவர். மேலிருந்து வந்த விசை, மரங்களை நாலா பக்கமும் வெளிநோக்கிச் சாய்த்திருந்த கோலம் அவர் மனத்தில் பதிந்திருந்தது. 1974-இல் அமெரிக்காவில் புயலடித்த காடுகளிலும் அதே கோலத்தைக் கண்டார். இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று ஒரு தூணைப் போல் தரையில் இறங்கி, குழாய்த் தண்ணீர் தொட்டித் தரையில் விழுந்து தெறிப்பதைப் போல எல்லாப் பக்கமும் பரவுகிறது என்றார். பலர் நம்பவில்லை. தரையில் மிஞ்சினால் நாலு கிலோமீட்டர் அகலம். சில நிமிஷங்களே ஆயுள். யார் கண்ணிலாவது பட்டால்தானே?

இதன் வஞ்சகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் கிடைப்பது எதிர்காற்று. எதிர்காற்று இறக்கைக்குப் பலம். விமானம் எழும்புகிறது; வேகமானி தாராளமாகக் காட்டுகிறது. விமானி நியாயமாகவே என்ஜினின் விசையைக் குறைக்கிறார். அடுத்த கணம் காற்று தலைமேல் அழுத்துகிறது. அதற்கடுத்த கணம் முதுகுப் பக்கமிருந்து வீசி, கொடுத்த பலம் முழுவதையும் வட்டியோடு பிடுங்கிக்கொள்கிறது. ஆபத்து இங்கே உதவி செய்துகொண்டே உள்ளே வருகிறது. (கடன் கொடுப்பவர்களில் சிலரைப் பற்றியும் எனக்கு இந்த எண்ணம் உண்டு.)

ஆனால் காற்றைவிட என்னைக் குழப்புவது மனிதர்கள்தாம். 902-இன் விமானி விவேகி என்று இன்று சொல்கிறோம். எதை வைத்து? 66 விழுந்ததை வைத்து. அதுவும் இறங்கியிருந்தால், பின்னால் மூன்று பேர் இறங்கிய பாதையில் பயந்து ஓடியவர் என்றுதானே அவருக்குப் பெயர் கிடைத்திருக்கும்? அவர் செய்தது சரி என்று சாட்சி சொல்ல நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் தேவைப்பட்டன. இறங்கித் தப்பியவருக்கோ எந்தச் சாட்சியும் வேண்டியதில்லை. ஓடுபாதையில் நிற்கும் விமானமே சாட்சி. அதிருஷ்டமும் திறமையும் தரையில் நிற்கும்போது ஒரே முகஜாடையாகத்தான் இருக்கின்றன. பின்னால் வருகிறவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

இது என் கற்பனையல்ல. அமெரிக்காவின் லிங்கன் ஆய்வுக்கூடம் 1999-இல் டல்லஸ் நகரத்து விமானங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டது. இடிமேகத்தை எதிர்கொண்டபோது ஒதுங்கியவர்களைவிட ஊடுருவியவர்களே அதிகம். முன்னால் ஒரு விமானம் போயிருந்தாலோ, பொழுது சாய்ந்திருந்தாலோ, கால் மணிக்கு மேல் தாமதமாகியிருந்தாலோ ஊடுருவும் துணிவு கூடியதாம். அதே டல்லஸில்தான் 1985 ஆகஸ்டில் இத்தகைய காற்று 137 பேரைக் கொண்டுபோயிருந்தது. அதற்குப் பிறகு ராடார்களும் எச்சரிக்கைக் கருவிகளும் பெருகின. 'போகாதே' என்று கருவி சொல்லும். போகாமலிருப்பது விமானியின் வேலை.

தாமதம் என்று அந்த ஆராய்ச்சி சொல்வது யாருடைய தாமதம்? கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுக்கும் எங்களுடையதுதான். கதவு மூடிய அறையில் உட்கார்ந்திருக்கும் விமானிக்கு அது கேட்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று இறங்கும்போது விமானி வாசலருகே நின்று ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கத்துக்குட்டி இல்லை, காதோரம் நன்றாக நரைத்திருந்தது. பக்கத்து ஆசனக்காரர் அவரைப் பார்க்காமலே போனார். நான் வணக்கத்துக்குத் தலையாட்டிவிட்டு, டாக்ஸி கிடைக்குமா என்ற கவலையோடு படியிறங்கினேன்.