பாரத்தை வாங்கும் நீர்

தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியே மலையைக் கடந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு, கூடலூர் வயல்களுக்கு வந்து சேர்கிறது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். 1895இல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. நெல்லுக்குத் தண்ணீர் செய்யும் நன்மையை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். வயதான உடம்புக்கு அது என்ன செய்யும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

சேற்றில் இறங்கி நாற்று நட்டே காலம் கழித்த பெண்களை வயதான பின் பாருங்கள். தரையிலிருந்து எழ ஒரு கை சுவரைத் தேடும். மறு கை முழங்காலை அழுத்தும். வலியில் முகம் சுருங்கும். “அப்பத்தா, நீ சும்மா உக்காரு, நாங்க பாத்துக்கிறோம்” என்பார்கள் பிள்ளைகள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் உட்கார உட்காரத் தொடைத்தசை கரைகிறது. தசை கரைந்தால் தடுமாற்றம் வருகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடை இன்னும் குறைகிறது.

அதே உடம்பை இடுப்பளவு நீரில் நிறுத்தினால், கால்கள் தாங்க வேண்டிய எடை ஏறக்குறையப் பாதியாகிவிடும். மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கு அளவே மிஞ்சும். தேய்ந்த மூட்டு வலி குறைந்து மடங்கும், நீளும். ஒரு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் சுமார் 74 மில்லிமீட்டர் பாதரசம். இரத்த அழுத்தம் பார்க்கும்போது சொல்லப்படும் கீழ் எண்ணுக்குக் கிட்டத்தட்டச் சமம். கணுக்காலில் தேங்கிய இரத்தத்தை அது மேலே ஏற்றுகிறது. இதயம் நன்றாக நிரம்பி, ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தை அனுப்புகிறது. மார்பளவு நீரில் நாடித்துடிப்பு சற்றுக் குறைவது இதனால்தான்.

பாரத்தைக் குறைக்கும் அதே நீர் உழைப்பையும் கேட்கிறது. அதன் அடர்த்தி காற்றைப்போல் ஏறக்குறைய 800 மடங்கு. ஒவ்வொரு எட்டுக்கும் தொடையும் இடுப்பும் வயிற்றுத் தசைகளும் அதைத் தள்ளியாக வேண்டும். வேகத்தை இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மெதுவாக நடப்பவரிடம் கொஞ்சமாகவும் வேகமாக நடப்பவரிடம் அதிகமாகவும் கேட்கும்; நின்றுவிட்டால் ஒன்றும் கேட்காது. தடுமாறினாலும் உடம்பு மெல்லச் சாய்வதால், காலை ஊன்றிச் சமாளிக்க நேரம் கிடைக்கிறது. அப்படிச் சமாளிக்கச் சமாளிக்கப் பயம் விலகுகிறது.

இப்படி நீரில் நடக்க ஆற்றில் இறங்கக் கூடாது. பாசிக்கல் வழுக்கும், தண்ணீர் வரத்து திடீரென்று கூடும். சமமான தரையும் பிடிமானக் கம்பியும் வெதுவெதுப்பான நீரும் கொண்ட குளம் வேண்டும். பக்கத்தில் ஒரு துணையும் வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இறங்க வேண்டும். கரையேறும்போது முழு எடையும் திரும்புவதால் படியில் கவனம் தேவை. எலும்பு உறுதிக்கு மண்ணில் நடப்பதையும் விட்டுவிடக் கூடாது. பெரியாற்றை மலை தாண்டி வரவழைத்த இந்தப் பள்ளத்தாக்கு, தன் முதியவர்களுக்காக ஊருக்கு ஒரு நடைக்குளம் கேட்பது பேராசை ஆகாது.

முதியவர்களை எப்படித் தாங்குவது என்பதற்கு நீரே பாடம். அது அவர்கள் சுமையில் பாதியை ஏற்கிறது. அவர்களுக்காக ஓர் எட்டுகூட எடுத்து வைப்பதில்லை. நாமோ சுமையோடு சேர்த்து வேலையையும் முடிவெடுக்கும் உரிமையையும் வாங்கிக்கொண்டு, அதை அன்பு என்கிறோம். முதுமையில் ஒருவர் கேட்பது ஓய்வு மட்டுமல்ல. தன்னால் இன்னும் முடியும் என்ற நம்பிக்கையும்தான். அந்த நம்பிக்கையை வெளியிலிருந்து யாரும் கொடுத்துவிட முடியாது. அவரவர் காலால் நடந்தே அடைய வேண்டும். பெற்றவர்களின் பாரத்தை நாம் வாங்கிக்கொள்ளலாம். அவர்களின் நடையை வாங்கிக்கொள்ளக் கூடாது.