தண்டமும் மருந்தும்

குற்றஞ் செய்தவனைத் தண்டித்தல் அரசநீதி. நோயுற்றவனுக்கு மருந்தூட்டல் சீவகாருணியம். ஒருவனே குற்றவாளியும் சித்தநோயாளியுமாயின் அவனுக்குச் செய்யற்பாலது யாது?

குற்றவாளியை மறியற்சாலைக்கு அனுப்பாது, சில நிபந்தனைகளின்மேல் வெளியே விடுத்து, ஓர் உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைத்தல் நன்னடத்தைக் கண்காணிப்பு எனப்படும். அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத்துச் சப்பாத்துத் தொழிலாளர் யோன் ஒகஸ்ரஸ் என்பவர், 1841ஆம் ஆண்டிலே, நீதிமன்றில் நின்ற ஒரு குடியனைத் தாமே பிணைநின்று மீட்டனர். மூன்று வாரங்களின் பின் அவன் திருந்தி வந்து நிற்றலைக் கண்ட நீதிபதி, ஒரு சதமும் வழக்குச் செலவுமே விதித்தனர். மசாசுசெற்ஸ் மாகாணம் 1878இல் இம்முறையைச் சட்டமாக்கிற்று. இலங்கையிலும் 1944இல் இதற்கெனக் கட்டளைச்சட்டம் பிறந்தது.

குறித்த நாளில் உத்தியோகத்தர் முன் தோன்றுதல், தொழில் செய்தல், மருந்துண்ணல் என்றற்றொடக்கத்தன நிபந்தனைகள். சித்தநோயாளன் ஒருவன், இல்லாத குரலைக் கேட்டு, யாரோ தன்னைக் கொல்ல வருகின்றாரென அஞ்சி வீட்டினுள் ஒளிக்கின்றான். குறித்த நாள் தவறுகின்றது. ஏட்டின்படி அது கட்டளை மீறல். அதன் பயன் மறியல். நோய் செய்ததற்கு அவன் தண்டம் பெறுகின்றான். சிறையிலே சிகிச்சை தடைப்படின் நோயும் முதிரும்.

அற்றேல், நோயென்று கூறிக் கட்டளையை நெகிழ்த்தல் ஊருக்குத் தீங்காகாதோ எனின், ஆகாது. அமெரிக்காவிலே சில இடங்களில், சித்தநோயாளரை மாத்திரம் மேற்பார்ப்பதற்குப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் உளர். அவர்க்கு ஒப்புவிக்கப்படுவோர் தொகை குறைவு. அவர் மறியலைக் காட்டி அச்சுறுத்துதலை விடுத்து, தவறுதற்குக் காரணம் யாதென ஆராய்ந்து அதனை நீக்க முயல்வர். 359 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றின்படி, இரண்டாண்டுகளுள் மீளக் கைதாகும் நிகழ்தகவு இவர்கீழ் இருந்தோர்க்கு நூற்றுக்கு 28.6, பொது முறையில் இருந்தோர்க்கு 51.8. வன்செயலில் வேறுபாடு காணப்பட்டிலது; ஆயினும் கருணையால் ஊர் கெட்டது என்றற்கு இடமில்லை.

இனி, “மருந்துண், இன்றேல் மறியல்” என்னுமிடத்து அவன் இசைவு இசைவாகுமோ எனின், முற்றும் ஆகாது. புளொரிடாவிலே புறோவாட் பகுதியில் 1997இல் தொடங்கிய சித்தநோயாளர்க்கான நீதிமன்று, அவரவர் இசைவின்மேலேயே வழக்கை ஏற்றது. எனினும் மறியலச்சம் பின்னிற்கும்போது இசைவு முழுமையுறாது. ஆதலின், மருந்தினால் வரும் மந்தத்தையும் நடுக்கத்தையும் அவன் அஞ்சாது சொல்லுதற்கு இடமளித்தல் வேண்டும். மறியலுக்கு அஞ்சுவோன் முதற்கண் மறைப்பது தன் நோயையேயன்றோ? நோய் மறைந்தபின் மேற்பார்வையாற் பயன் என்னை?

இறைவன் ஆன்மாக்களை ஒறுத்தலும் அருளேயென்பது சித்தாந்தத் துணிபு. அதனை மறக்கருணை என்பர். தாய் குழந்தையைப் பிடித்துக் கசப்பு மருந்தூட்டுதல் அத்தகையது. ஆயின், தன் சினத்துக்கு மறக்கருணை என்று பெயரிடல் யாவர்க்கும் எளிது. எது கருணை, எது சினம் என்று அறிதற்கு அளவுகோல் ஒன்றே: தண்டிக்குமுன் காரணத்தை வினாவினோமா? வினாவாத கண்டிப்பு, கண்டிப்பவனுக்கே மருந்தாகும், நோயாளனுக்கு ஆகாது.

சைவாசிரியர்காள்! யான் தொழில் தொடங்கிய காலத்திலே, வினாவுக்கு விடை கூறாது நின்ற மாணவன் ஒருவனைப் பிடிவாதக்காரன் என்று பிரம்பாலடித்தேன். அவனுக்குச் செவி கேளாதென்பதைப் பின்னரே அறிந்தேன். நானும் கட்டளை மீறலையே கண்டேன், காரணத்தை வினாவிலேன். பிள்ளையைத் திருத்தவென்று பிரம்பெடுத்த கையும், நோயாளனைத் திருத்தவென்று மறியல் ஓலை எழுதும் கையும் ஒரு தன்மையன. கண்டிப்பு வேண்டா என்பது என் கருத்தன்று. அது வினாவின் பின் வருதல் வேண்டும் என்பதே.