தீவில் பள்ளிகொண்ட பெருமானும் யாத்திரிகர் இளைப்பாறுதலும்

ஆத்தூர் மலைச்சாரலில் மழை மிகும் ஆண்டுகளில், காமராசர் நீர்த்தேக்கம் நிரம்பி வழியும் நீர் குடகனாறாய் வடக்கே ஓடி அமராவதியை அடைகிறது. அமராவதியோ காவிரியில் கலக்கிறது. அக்காவிரி முக்கொம்பில் இரு கூறாகப் பிரிந்து, தெற்கே காவிரியாகவும் வடக்கே கொள்ளிடமாகவும் திருவரங்கத் தீவைச் சூழ்ந்து செல்கிறது. ஆத்தூர் அடியார்கள் புறப்படுமுன்பே அவர்கள் ஊர்த் தண்ணீர் அரங்கன் திருவடியை நாடிப் புறப்பட்டுவிடுகிறது எனலாம்.

திண்டுக்கல்லிலிருந்து விடியலில் கிளம்பினால் இரவுக்குள் ஸேவித்துத் திரும்பிவிடலாம். "ஒரு நாளாவது நிம்மதியாக இருந்துவிட்டு வருவோம்" என்று சொல்லிச் செல்வோர் பலர். இங்கே ஓர் ஐயம் எழுகிறது. இளைப்பாறுதலை விரும்பிச் செல்வது யாத்திரையாகுமா? கட்டுச்சோற்று மூட்டையுடன் கால்நடையாகச் சென்ற முன்னோர், யாத்திரையைத் தவமாகவே கருதினார்கள் அன்றோ?

கீதாசாரியன் ஆறாம் அத்தியாயத்தில் யோகம் கைகூடுவோனின் இலக்கணத்தைக் கூறுமிடத்து, ஆகாரத்தோடு விஹாரத்தையும் சேர்த்தே சொல்கிறான். விஹாரம் என்பது உலாவுதலும் பொழுதுபோக்குமாகும். அதை அவன் விலக்கவில்லை. அளவோடு கொள்க என்றே விதித்தான். ஆகவே களைத்த உடல் ஓய்வை நாடுவது குற்றமன்று.

திருவரங்கத்தின் ஸ்தல புராணமே இதற்குச் சான்று பகரும். அயோத்தியிலிருந்து ஸ்ரீரங்க விமானத்தை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு இலங்கை நோக்கிச் சென்ற விபீஷணன், வழியில் காவிரித் தீவில் இறக்கி வைத்தான். பின்னர் எடுக்க முயன்றபோது விமானம் அசையவில்லை. தங்குமிடமாக வாய்த்ததையே பெருமான் தன் இருப்பிடமாகக் கொண்டான். ஆயினும் பக்தனை மறவாது, தென்திசை இலங்கையை நோக்கியே பள்ளிகொண்டான்.

இதில்தான் ஓய்வின் தர்மம் விளங்குகிறது. அரங்கன் கொண்டது அறிதுயில். அது உலகை மறந்த உறக்கமன்று. சோம்பல் பிறரை மறக்கச் செய்யும். நல்லோய்வு பிறரை நினைக்கச் செய்யும்.

இந்த அளவுகோலை இல்லங்களிலும் வைத்துப் பார்த்தல் தகும். குடும்பம் முழுவதும் இளைப்பாறப் போகும் நாளில், இல்லத்தரசி பின்னிரவிலேயே எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டுகிறாள். திரும்பி வந்தபின் பாத்திரங்களையும் அவளே தேய்க்கிறாள். அவளுக்கு அந்நாள் இருமடங்கு உழைப்பு. ஆதிசேஷன் பெருமானுக்குப் படுக்கையானது தன் உவப்பால் செய்த கைங்கரியம். மனையாளையும் வண்டியோட்டியையும் கேளாமலே சேஷனாக்கி அவர்கள்மேல் சாய்ந்துகொள்வது கைங்கரியமாகாது. அது வெறும் சுமத்தலேயாகும்.

236 அடி உயர ராஜகோபுரம் 1987இல் ஸம்ப்ரோக்ஷணம் கண்டது முதல், அதன் வாயிலில் கூட்டம் குறைந்த பாடில்லை. அமைதி வேண்டுவோர், பெரிய கோயிலுக்குக் கிழக்கே உள்ள காட்டழகிய சிங்கர் ஸந்நிதியில் சற்று அமரலாம். பிள்ளை லோகாசாரியர் ரகஸ்யப் பொருள்களைச் சீடர்களுக்கு உபதேசித்த இடம் அது என்பது ஸம்பிரதாயம். 1323இல் படையெடுப்பு நேர்ந்தபோது, முதிர்ந்த வயதிலும் அம்மகான் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே சென்று, மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் பரமபதம் அடைந்தார். நம்பெருமாள் மீண்டும் அரங்கம் திரும்பியது 1371இல். அவர் ஓய்வு துறந்தமையால் அன்றோ இன்று வருவோர்க்கு அங்கே ஓய்வு கிடைக்கிறது! ஒவ்வோர் இளைப்பாறுதலுக்கும் பின்னே எவரோ ஒருவரின் உழைப்பு உண்டென்பதை அந்த ஸந்நிதியின் அமைதி உணர்த்தும்.

எனவே தீவுக்குச் செல்லும் அடியார்கள் ஸேவித்தபின் காவிரிக்கரை மர நிழலில் அமர்வதற்கு நாண வேண்டியதில்லை. ஆனால் நிழலில் முதலிடம், வீட்டில் நெடுநாள் உட்காராதவருக்கு உரியது. கட்டுச்சோற்றை அன்று ஆண்மக்கள் பரிமாறட்டும். இரவு திரும்பியதும் பாத்திரங்களையும் அவர்களே துலக்கட்டும். இல்லத்தில் அனைவரும் இளைப்பாறிய நாளே யாத்திரை நிறைவேறிய நாள்.

அரங்கன் அனைவர்க்கும் அத்தகைய நன்னாளை அருள்வானாக!