வட்டிக்குக் கிடைத்த மன்னிப்பு

இத்தாலியக் கவிஞர் தாந்தே எழுதிய நரகத்தில், ஏழாவது வட்டத்தின் கடைசிப் பகுதி ஒரு மணற்காடு. மேலிருந்து நெருப்புத் துணுக்குகள் ஓயாமல் உதிர்கின்றன. கீழே மணல் தகிக்கிறது. ஒரு கூட்டம் நிற்கவே வழியில்லாமல் நடந்துகொண்டே இருக்கிறது. அவர்கள் ஆணோடு ஆண் கூடியவர்கள். தாந்தேயின் ஆசான் புருனெத்தோ லத்தீனியே அந்தக் கூட்டத்தில் இருக்கிறார். மாணவர் தலை குனிந்து மரியாதையோடு அவருடன் பேசியபடி நடக்கிறார். சற்றுத் தள்ளி இன்னொரு கூட்டம் அதே மணலில் குந்திக்கொண்டு, மேலே விழும் நெருப்பைக் கையால் தட்டிவிட்டபடி இருக்கிறது. அவர்கள் வட்டிக்குக் கொடுத்தவர்கள். கழுத்தில் ஆளுக்கொரு பணப்பை, பையின் மேல் குடும்பச் சின்னம். ஒருவரின் வெள்ளைப் பையில் நீல நிறத்தில் ஒரு சினைப்பன்றி. அதைப் பார்த்ததுமே அன்றைய இத்தாலிய வாசகர்களுக்கு ஆள் யாரென்று புரிந்திருக்கும்: பாதுவா நகரத்து ஸ்க்ரோவெஞ்சி குடும்பம்.

அந்தக் குடும்பத்து மகன் என்ரிக்கோ, அப்பாவின் வட்டிப் பாவம் கழிய ஓர் ஆலயம் கட்டினார் என்று சொல்வது வழக்கம். 1305இல் அபிஷேகம் செய்யப்பட்ட அந்த ஆலயத்தின் சுவர்களில்தான் ஜியோத்தோவின் புகழ்பெற்ற ஓவியங்கள் இருக்கின்றன. கடைசித் தீர்ப்புக் காட்சியில் என்ரிக்கோ முழங்காலிட்டு, ஆலயத்தின் சிறு வடிவத்தை மரியாளிடம் ஒப்படைப்பதை இன்றும் பார்க்கலாம். வட்டி வாங்குவது எவ்வளவு பெரிய பாவமாக இருந்தால், அதைக் கழுவ இவ்வளவு செலவு ஆகியிருக்கும்!

இந்த இரண்டு கூட்டத்தாரையும் ஒரே மணலில் ஏன் போட்டார் தாந்தே? தனிப்பட்ட வன்மம் ஒன்றுமில்லை. அன்றைய இறையியல் இரண்டையும் ஒரே வாதத்தால்தான் கண்டித்தது. பணம் மலடு, அது குட்டி போடாது என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வரும் கருத்து. மலடான பணத்தைக் குட்டி போட வைக்கிறான் வட்டிக்காரன். பிள்ளை பிறக்கவேண்டிய உறவை மலடாக்குகிறான் மற்றவன். ஆகவே இருவரும் இயற்கைக்கு விரோதிகள். தீர்ப்பும் ஒன்று, தண்டனைக் களமும் ஒன்று.

எழுநூறு ஆண்டுகள் ஆயின. வட்டிக்காரர் மணலிலிருந்து எழுந்து, பையைத் தட்டி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர் மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார். ஒரே குற்றச்சாட்டில் பிடிபட்ட இருவரில் ஒருவரை மட்டும் எந்த நியாயத்தில் விடுவித்தீர்கள்? பாலுறவு பற்றிய போதனை மாறவே மாறாது என்று சொல்லும் எல்லாச் சபைகளிடமும் நான் கேட்கும் கேள்வி இதுதான்.

"வட்டி சின்ன விஷயம், அதையும் இதையும் ஒப்பிடலாமா?" என்பார்கள். வேதத்தைத் திறந்து பார்க்கட்டும். யாத்திராகமம், லேவியராகமம், உபாகமம் மூன்றும் வட்டியைத் தடுக்கின்றன. ஆண்டவரின் கூடாரத்தில் தங்கத் தகுதியுள்ளவன் யார் என்று கேட்கும் 15ஆம் சங்கீதம், வட்டிக்குப் பணம் கொடாதவன் என்கிறது. எசேக்கியேலின் 18ஆம் அதிகாரம் வட்டி வாங்குபவனைச் சாகவேண்டியவர்களின் பட்டியலில் சேர்க்கிறது. திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பாராமல் கடன் கொடுக்கச் சொன்னவர் லூக்கா நற்செய்தியில் வரும் இயேசுவேதான். அதே இயேசு ஒருபால் உறவைப் பற்றி நான்கு நற்செய்திகளிலும் ஒரு சொல்லும் சொன்னதாகப் பதிவில்லை.

வசனத்தோடு நிற்கவில்லை, சட்டமும் வந்தது. ஊரறிந்த வட்டிக்காரருக்கு நற்கருணை இல்லை, கிறிஸ்தவ அடக்கமும் இல்லை என்று 1179இல் திருச்சபையின் மூன்றாம் லாத்தரன் சங்கம் விதித்தது. வட்டி பாவமல்ல என்று பிடிவாதமாகச் சாதிப்பவரை வேதப்புரட்டராகவே தண்டிக்க வேண்டும் என்றது 1311இல் கூடிய வியன் சங்கம். 1745இல்கூட, கடனுக்காகவே கூடுதல் பணம் கேட்பது பாவம்தான் என்று போப் பதினான்காம் பெனடிக்ட் இத்தாலிய ஆயர்களுக்குச் சுற்றுமடல் எழுதினார். வேதம், சங்கத் தீர்மானம், போப்பின் மடல், இறையியலாளரின் இயற்கை வாதம். ஒரு போதனை மாறாதது என்று நிரூபிக்க வேறென்ன சாட்சி வேண்டும்?

மாறியது. சீர்திருத்தச் சபைகளின் பக்கம் கால்வின் 1545இலேயே ஒரு கடிதத்தில் மிதமான வட்டிக்கு வழிவிட்டார். பணம் மலடு என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. ஏழையிடம் வாங்குவது வேறு, வியாபாரியிடம் வாங்குவது வேறு என்றார். கத்தோலிக்கத் திருச்சபையில் மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. சட்டம் அனுமதித்த வட்டியை வாங்குவோரை ஒப்புரவில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று 1830களில் குருக்களுக்கு ரோமிலிருந்து பதில்கள் போயின. 1917இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு நியாயமான வட்டியை ஏற்றது. 1942இல் வத்திக்கானுக்கே சொந்தமாக ஒரு வங்கி வந்துவிட்டது.

இதற்குத் திருச்சபை தரும் விளக்கம் எனக்குத் தெரியும். "போதனை மாறவில்லை, பணத்தின் தன்மைதான் மாறியது. அன்று கடன் என்பது பசித்தவன் வயிற்றுக்கு வாங்கியது, இன்று அது தொழிலுக்கு முதல்" என்பார்கள். நல்ல விளக்கம், நான் ஏற்கிறேன். அதன் பொருள் என்ன? வசனம் எதைத் தடுத்தது என்று மட்டும் பாராமல், ஏன் தடுத்தது, யாருக்கு வலித்ததால் தடுத்தது என்று பார்த்தார்கள். வலி இல்லாத இடத்தில் தடையைத் தளர்த்தினார்கள். மனித அறிவு வளர்ந்தபோது பழைய இயற்கை வாதம் கழன்று விழுந்ததை ஒப்புக்கொண்டார்கள். அப்பழுக்கில்லாத பகுத்தறிவு!

அந்தப் பகுத்தறிவுக்குப் படுக்கையறை வாசலில் மட்டும் என்ன ஆகிறது? தன்பாலீர்ப்பைப் பற்றியும் மனித அறிவு வளர்ந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் எடுத்தது. மனமொத்த இரண்டு பெரியவர்கள் சேர்ந்து வாழ்வதால் காயம்படுபவர் யார் என்ற கேள்விக்கு இன்றுவரை ஒரு நேரான பதில் வரவில்லை. வருவதெல்லாம் மீண்டும் வசனம், மீண்டும் அந்த மலட்டு வாதம்.

காரணத்தை நான் பச்சையாகச் சொல்கிறேன். வட்டிக்காரரிடம் பணம் இருந்தது. அரசரும் அவரிடம் கடன்பட்டிருந்தார், ஆயரும் பட்டிருந்தார். வாசலில் நிற்பவரின் கையில் அதிகாரம் இருந்தால் வசனத்துக்கு விளக்கவுரை கிடைக்கிறது. வெறுங்கையோடு நிற்பவருக்கு வசனம் மட்டுமே கிடைக்கிறது.

நான் சொல்வது அவதூறு என்றால் அமெரிக்காவின் தெற்குப் பாப்திஸ்து அமைப்பின் கதையைப் பாருங்கள். அடிமை வைத்திருப்பவர் மிஷனரி ஆகலாமா என்ற சண்டையில், ஆகலாம் என்று நின்றவர்கள் 1845இல் தனியாகப் பிரிந்து தொடங்கிய அமைப்பு அது. அவர்களிடம் வசனத்துக்குப் பஞ்சமே இல்லை. வேலைக்காரரே, எஜமானருக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற பொருளில் பவுலின் பெயரால் வரும் நிருபங்கள் பேசுகின்றன. எழுத்தை மட்டும் வைத்து வழக்காடியிருந்தால் அடிமை முதலாளிகள்தான் ஜெயித்திருப்பார்கள். அவர்களை எதிர்த்த கிறிஸ்தவர்கள் சாட்டையடி பட்ட முதுகைக் காட்டி வழக்காடினார்கள். அடிமைத்தனத்துக்குத் துணை நின்றதற்காக அந்த அமைப்பு மன்னிப்புக் கேட்க 150 ஆண்டுகள் ஆயின. 1995இல் கேட்டது. அதே அமைப்பு 2023இல், பெண்களைப் போதகர்களாக ஏற்றதற்காகக் கலிபோர்னியாவின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றான சாடில்பேக்கை வெளியேற்றியது. காரணம் என்ன? நிருபத்தில் வசனம் இருக்கிறதாம்! அடிமை பற்றிய வசனம் அந்தக் காலத்துச் சூழலுக்கு உரியது, பெண் பற்றிய வசனம் மட்டும் எந்தக் காலத்துக்கும் உரியது. பெண் போதிக்கக் கூடாது என்ற வசனமும், அடிமைகள் எஜமானரை மதிக்க வேண்டும் என்ற வசனமும் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்திலேயே வருகின்றன. ஆகவே கோடு கிழித்தவர் பவுல் அல்ல, வாசித்தவர்.

கருத்தடை விஷயத்தில் உண்மை இன்னும் வெளிப்படையாகவே வெளிவந்தது. போப் இருபத்திமூன்றாம் யோவான் 1963இல் தொடங்கி, அடுத்த போப் ஆறாம் பவுல் விரிவாக்கிய ஆய்வுக் குழுவில் இறையியலாளர்களோடு மணமானவர்களும் இருந்தார்கள். சிகாகோவைச் சேர்ந்த பாட்ரிசியா குரோலியும் அவர் கணவரும் பல நாட்டுக் கத்தோலிக்கத் தம்பதிகளிடம் கேட்டறிந்த அனுபவங்களை அங்கே கொண்டுவந்தார்கள். திருச்சபை அனுமதித்த நாள்கணக்கு முறை தங்கள் இல்லறத்தை எப்படி நெரிக்கிறது என்று அந்தத் தம்பதிகள் எழுதியிருந்தார்கள். குழுவின் பெரும்பான்மை மாற்றத்தை ஆதரித்தது. சிறுபான்மையினரின் முக்கிய வாதம் ஒன்று: இதை மாற்றினால் இத்தனை காலம் திருச்சபை தவறாகப் போதித்தது என்றாகிவிடுமே! 1968இல் போப்பின் முடிவு சிறுபான்மையின் பக்கம் போனது. ஒரு தாய் எட்டாவது பிள்ளைக்குத் தாங்குவாளா என்ற கேள்வியும், ஒரு நிறுவனத்தின் மானம் தாங்குமா என்ற கேள்வியும் எதிரெதிரே நின்றன. நிறுவனம் தன் பக்கம் தீர்ப்பெழுதிக்கொண்டது.

இதெல்லாம் அறைக்குள் நடக்கும் இறையியல் தர்க்கம் என்று விட்டுவிட முடியாது. போதனை சட்டமாகும்போது ஆள் சாகிறான். உகாண்டாவில் 2023இல் வந்த சட்டம் ஒருபால் உறவுக்கு ஆயுள் தண்டனையும், சில வகைகளுக்கு மரண தண்டனையும் விதிக்கிறது. அங்கே ஆங்கிலிக்கன் பேராயர் சட்டத்தை வரவேற்றார். மரண தண்டனைக்குப் பதில் ஆயுள் தண்டனை போதும் என்பதே அவர் காட்டிய கருணை. நம் நாட்டில் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு 1860இல் ஆங்கிலேயர் எழுதிக்கொடுத்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2009இல் அதன் பல்லைப் பிடுங்கியபோது உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியவர்களின் வரிசையைப் பாருங்கள்: ஒரு சோதிடர், முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், கிறிஸ்தவ அமைப்புகள். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் தோளோடு தோள் நின்றார்கள். 2013இல் ஜெயித்தார்கள், 2018இல் தோற்றார்கள். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் பயந்து வாழ்ந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

"காயம் ஒன்றுதான் அளவுகோல் என்றால் ஒழுக்கமே தளர்ந்துவிடும்" என்ற பயம் பலருக்கு உண்டு. அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் ஊர்ச் சபைக்குள் நடந்து பாருங்கள், எது தளர்கிறது, எது இறுகுகிறது என்று தெரியும். தமிழ்க் கிறிஸ்தவம் ஆழ வேரூன்றிய மண் திருநெல்வேலி. அங்கே 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு தம்பதி தங்கள் இரண்டு பெண் குழந்தைகளோடு தீயில் கருகினார்கள். எசேக்கியேல் கண்முன் கண்டு கொதித்த பாவம் அச்சு அசலாக அதுதான். கந்துவட்டிக்காரருக்கு நற்கருணை கிடையாது என்று அதற்குப் பிறகு எந்தப் பீடத்திலிருந்து அறிவித்தார்கள்? பெண்பிள்ளைகளின் உடையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். மீட்டர் வட்டியைப் பற்றிக் கேட்டவர்கள் கையைத் தூக்கட்டும்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் கடைசித் தீர்ப்பில் கேட்கப்படுவது பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தாயா, அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா, ஆடையில்லாதவனுக்கு உடுத்தினாயா, நோயாளியையும் சிறைப்பட்டவனையும் போய்ப் பார்த்தாயா என்பதுதான். யாரோடு படுத்தாய் என்ற கேள்வி அந்தத் தாளில் இல்லை. வினாத்தாளில் இல்லாத கேள்விக்கு மதிப்பெண் போட்டு, இருக்கும் கேள்விகளைத் தள்ளிவிடும் வாத்தியார்களாகச் சபைகள் இருக்கின்றன.

இனி திருமணத்துக்கு வருவோம். நம் ஆலயங்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் தெரிவியுங்கள் என்று கேட்பார்கள். சபை அமைதியாக இருக்கும். பெண் வீட்டார் எத்தனை பவுன் பேசியிருக்கிறார்கள் என்பது கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். பாட்டன் நிலத்தை விற்றதும் தெரியும். பெண்ணுக்கு இந்த இடம் பிடிக்கவில்லை, வேறு சாதிப் பையனோடு பழகியதால் அவசரமாக முடிக்கிறார்கள் என்பதும் சில சமயம் தெரியும். எதுவும் தடையாவதில்லை. ஆசீர்வாதம் அமோகமாக நடக்கும்.

அந்த ஓலையில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொல்கிறேன். இந்தத் திருமணத்தில் வரதட்சணை கைமாறியதா? இருவரும் தங்கள் சொந்த மனதோடுதான் வருகிறார்களா? வேதத்துக்கு விரோதமான கேள்விகள் அல்ல. நாட்டின் சட்டமும் 1961 முதல் வரதட்சணையைக் குற்றம் என்றுதான் சொல்கிறது. நேர்மையாகக் கேட்டால் நம்மூர் ஆலயங்களில் எத்தனை திருமணங்கள் தேறும் என்று ஆயர்களுக்கே தெரியும். அந்த இரண்டு கேள்விக்கும் நெஞ்சில் கைவைத்துச் சரியான பதில் சொல்லும் ஓர் இணை வந்து நிற்கிறது, இருவரும் ஆண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே நூறு பவுனோடும் விருப்பமில்லாத மணப்பெண்ணோடும் இன்னொரு ஜோடி நிற்கிறது. யாரைத் திருப்பி அனுப்புவீர்கள்? காரணத்தோடு சொல்லுங்கள். வசனத்தை மட்டும் காட்டி முடித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் வட்டிக்கும் அடிமைக்கும் வசனம் இருந்தது.