கலங்கரை விளக்கமும் கால்விலங்கும்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் உள்ளது மேலகரம். இவ்வட்டாரத்தாருக்குச் சிங்கப்பூர் அந்நியமான பெயரன்று. தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்கள் பல, தலைமுறைகளுக்கு முன்பே அங்குப் பிழைக்கச் சென்றன. கடையநல்லூரின் பெயரால் ஒரு தெருவே அங்கு உண்டு. அந்நாடு 1969இல் வெளியிட்ட பொன் நாணயம் ஒன்று என்னை நெடுநாளாகச் சிந்திக்க வைத்திருக்கிறது.

கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பில் ராஃபிள்ஸ் 1819இல் அங்கு நிறுவிய குடியேற்றத்தின் 150ஆம் ஆண்டு நினைவாக அது வெளிவந்தது. அதன் மதிப்பும் 150 வெள்ளி. நாணயம் என்றதும் அதில் யாருடைய உருவம் என்று கேட்பது நமக்கு நற்செய்தி தந்த பழக்கம். இதில் ராஃபிள்ஸின் முகம் இல்லை. அவர் பெயர் தாங்கிய கலங்கரை விளக்கமே உள்ளது. தனிநாடாகி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த வேளையில், பழைய எசமானரின் முகத்தைத் தவிர்த்து ஒளிதரும் கோபுரத்தைப் பொறித்தது நயமான தேர்வு என்றே முதலில் எண்ணினேன்.

ஆனால் 1855இல் ஒளியேற்றப்பட்ட அக்கோபுரத்தை எழுப்பிய கைகளுள் இந்தியக் கைதிகளின் கைகளும் உண்டு. 1825 முதல் 1873 வரை, சென்னை, வங்காளம் முதலிய மாகாணங்களிலிருந்து நாடு கடத்தப்பட்டோர் அங்கே சாலை அமைத்தனர். சதுப்பு நிலத்தைத் தூர்த்தனர். ஆங்கிலிக்கத் திருச்சபையின் புனித அந்திரேயா பேராலயத்தையும் கட்டினர். அவர்களுள் பலர் குற்றம் புரிந்தவர்களே, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும், தண்டனை பெற்றவனின் உழைப்புக்கு நன்றி வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தவர் யார்? அவன் செய்த குற்றத்துக்கான கணக்கு அந்தத் தண்டனையோடு தீர்ந்தது. அவன் வைத்த கல்லின் கணக்கோ தீரவில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றுண்டு. கும்பினி வாணிப இலாபத்துக்காகத்தான் அங்கே கால்பதித்தது. எனினும் அக்குடியேற்றம் வளர்ந்திராவிடில், இப்பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் அடுப்பு எரிந்திராது. நன்மை விளைந்ததால் செயல் அறமாகிவிடுமா? ஆகாது என்பதே என் துணிபு. விளைந்த நன்மையை மறுப்பதும் நன்றிக்கேடே. அந்த நன்றி கொடி நாட்டியவருக்கா, கப்பலேறியவருக்கா என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

2019இல் இருநூறாம் ஆண்டு வந்தபோது, சிங்கப்பூர் தன் வரலாறு எழுநூறு ஆண்டுப் பழமையுடையது என எடுத்துரைத்தது. ராஃபிள்ஸின் சிலைக்கு அருகே வேறு நால்வரின் சிலைகள் சில காலம் நின்றன. 1819இல் அவருடன் வந்த வணிகர் நாராயண பிள்ளை அவர்களுள் ஒருவர். நினைவாக வெளியிட்ட 20 வெள்ளித் தாளில் எண்மரின் உருவங்கள் இடம்பெற்றன; கோவிந்தசாமிப் பிள்ளையும் அவர்களுள் உண்டு. பெருமைப்படத்தக்க மாற்றம்தான். ஆனால் சிலை வரிசையிலும் சரி, அந்தத் தாளிலும் சரி, கைதி ஒருவரும் இல்லை.