டேப்பட் கவரும் அஷ்டபந்தனமும்

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி வழியாகத் திருப்பதி நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகள் பலவற்றில் ஓட்டுநரின் தலைக்கு மேல் முருகன் படம் இருக்கும். ஆயுத பூஜையன்று இன்ஜினுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. குங்குமம் வைத்த டேப்பட் கவரின், அதாவது இன்ஜினின் மேல்மூடியின், ஓரத்தில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் அந்தப் பூஜை நிறைவானதா? பழுதுபார்ப்பது உலக வேலை, வழிபாடு வேறு என்று பிரித்துப் பேச நாம் பழகிவிட்டோம். நம் கோயில் மரபில் அப்படியொரு பிரிவினை இல்லை என்பது என் கட்சி.

கருவறையில் கல்திருமேனியும் பீடமும் சேரும் இடத்தை அடைப்பது அஷ்டபந்தனம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், காவிக்கல், செம்பஞ்சு, ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்து இடித்து இளக்கி, கயிறு போலத் திரித்து விளிம்பில் வைத்து அழுத்துகிறார்கள். சிலை அசையக் கூடாது. அபிஷேக நீர் பீடத்துக்குள் இறங்கவும் கூடாது. நாள்பட அந்த மருந்து காய்ந்து வெடிக்கும். ஆகவே 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பழையதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகச் சாத்திக் குடமுழுக்கு நடத்துவது வழக்கம். இறைவன் நித்தியன் என்று சொல்லும் அதே மரபு, அவன் திருமேனியைப் பிடித்து நிறுத்தும் பசைக்கு ஆயுள் குறித்திருக்கிறது. தேய்மானத்தை அது அபசாரமாக நினைக்கவில்லை. தேய்ந்தது தெரிந்தும் விட்டுவைப்பதைத்தான் குறையாக நினைத்தது.

டேப்பட் கவருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கார்க்கிலோ ரப்பரிலோ போடும் பேக்கிங் செய்வதும் இந்த வேலைதான். ராக்கர்கள் மீது தெறிக்கும் எண்ணெய் வெளியே வராமல், சாலைப் புழுதி உள்ளே போகாமல் காக்கிறது. சூட்டில் விறைத்துப் போனால் கசியும். கசிவு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டால் புகை, சில சமயம் நெருப்பு. மாற்றுவதற்கும் நியமம் இருக்கிறது. இன்ஜின் ஆற வேண்டும். கவரைத் தூக்குமுன் சுற்றிலும் துடைக்க வேண்டும். பழைய பேக்கிங்கின் துணுக்கு ஒன்றுகூட உள்ளே விழாமல் சுரண்ட வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். பலத்தைக் காட்டி இறுக்கினால் தகரக் கவர் நெளியும், கார்க் பிதுங்கிக் கிழியும். (பக்தியிலும் இந்த ரகம் உண்டு.) ப்ரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறிப் புதுப் பேக்கிங்கிலும் கசியும், அதையும் பார்த்தாக வேண்டும். பழைய மெக்கானிக்குகள் பேக்கிங்கில் தடவிய ஷெல்லாக்கும் அரக்கிலிருந்து வருவதே. கருவறைக்குப் போகும் கொம்பரக்குக்கு அது நெருங்கிய சொந்தம்.

அஷ்டபந்தனத்துக்குப் புனிதம் தருவது மந்திரம், பசையல்ல என்பார்கள். சரி, அந்த மந்திரம் என்ன செய்கிறது? திருப்பணிக்கு முன் மூர்த்தியின் கலையை, அதாவது தெய்வ சக்தியை, கும்பத்தில் இறக்கிப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில் வைத்துப் பூஜிக்கிறார்கள். சுரண்டுகிற கைக்கு வழிவிடத்தானே அந்தச் சடங்கு? வேலைக்குப் பதிலாக மந்திரம் நிற்கவில்லை. இன்னோர் ஆட்சேபம் இதைவிட வலுவானது: மெக்கானிக் கூலிக்குச் செய்வதையும் வழிபாடு என்றால் எதுதான் வழிபாடு இல்லை? ஸ்தபதியும் கூலி வாங்குகிறார்; அதனால் திருப்பணி தாழ்ந்துவிடவில்லை. எல்லா ரிப்பேரும் பூஜை என்று நான் சொல்லவில்லை. வணங்குகிற பொருளைப் பேணாத வணக்கம் அரைகுறை என்கிறேன். முருகன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுபவர், நெருப்புப் பிடித்தால் பக்கத்தில் தூங்கும் கிளீனரையும் நினைக்க வேண்டும். தன் நம்பிக்கைக்குப் பிறர் உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை.

கந்தசஷ்டியில் திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். போர் முடிந்து முருகன் சினம் தணிந்த தலம் என்பதால் இங்கே வேலுக்கு ஓய்வு. ஆயுத பூஜையும் கருவிக்கு ஓய்வு தரும் நாள். அன்று ஸ்பானரைத் தொட முடியாது. ஆகவே முந்தின நாளே வண்டியைப் பட்டறையில் விட்டுப் பேக்கிங்கை மாற்றிவிடுங்கள். குங்குமத்தை மறுநாள் வைக்கலாம்.